இருபத்து நாலு கைப்பிடிக்கு ஒரே ஒரு சாம்பிள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் துப்பாக்கி செய்வதில்லை. புதிதாகச் சேர்ந்த நீங்களெல்லாம் வீட்டில் போய் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்களோ தெரியாது. நான் சொல்லி வைத்த லட்சணத்தில் பம்மலில் எங்கள் தெருவே என்னை ஒரு மாதிரிதான் பார்த்தது. "ஸ்டெல்லாக்கா துப்பாக்கி கம்பெனில வேல செய்யுதாமே" என்று தண்ணீர் லாரி நிற்கும் இடத்தில் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதரே தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா செய்றீங்க அங்க?" என்று விசாரித்தார்.

நாம் செய்வது ஒரு காப்பு. பெயின்ட்பால் விளையாடுகிறவர்கள் கையில் வைத்திருப்பதற்கு மார்க்கர் என்று பெயர். அதிலிருந்து வண்ண உருண்டை பாய்ந்து போய் எதிராளி மேல் உடையும், சட்டை நாசமாகும், அவ்வளவுதான் விளையாட்டு. அதன் கைப்பிடியில் விசை இருக்கும். அந்த விசையில் தெரியாமல் கை பட்டுவிடாமல், செடியோ பெல்ட்டோ சிக்கிவிடாமல், அதைச் சுற்றி வளைந்து நிற்கிறதே, அதுதான் ட்ரிகர் கார்டு. மைதானக்காரர்கள் ஒரு விரலால் இழுக்கிற சின்ன விசையைக் கழற்றிவிட்டு, இரண்டு விரலால் இழுக்கிற நீள விசையை மாட்டிக்கொள்வார்கள். பழைய காப்பு அதற்கு இடம் கொடுக்காது. அதை அறுத்து எறிந்துவிட்டு, பிறகு நம்மைத் தேடி திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு வருவார்கள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு பல் செட்டுக்கு வருகிற மாதிரி.

அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். இருபத்தெட்டு வருஷம் பெஞ்சின் முன்னால் நின்றே வேலை பார்த்தவளிடம் என்ன அனுபவம் இருக்கும்? இரண்டு முட்டியும் போய்விட்டன. மாடிப்படி ஏறினால் ஆண்டவரைக் கூப்பிடுகிறேன். மெஷினை எப்படி ஓட்டுவது, அலுமினியத்தை எப்படி வளைப்பது என்று நான் எழுதப்போவதில்லை. அதையெல்லாம் போனில் படமாகவே பார்த்துக்கொள்கிறீர்கள், என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். நான் எழுதப்போவது ஒரு போன் பேச்சைப் பற்றி. ஒரு நிமிஷம்கூட இருக்காது அது.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் ரோட்டில் ஒரு மைதானம். பெயர் வேண்டாம். அங்கே இருந்த மார்க்கர்களைப் பார்த்துக்கொண்டவர் குணசேகரன். நாற்பது வயது இருக்கும். முன்பு ஒரு ஐடி கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றவர். மைதானத்துக்கு வந்த பிறகு யாரும் சொல்லித்தராமல் தானாகவே மார்க்கரைக் கழற்றவும் மாட்டவும் கற்றுக்கொண்டார். அந்தப் பெருமை அவர் முகத்தில் தெரியும். "இருபத்து நாலையும் கண்ண மூடிகினு கழட்டி மாட்டுவேன்க்கா" என்று என்னிடம் சொன்னார். கண்ணைத் திறந்துகொண்டே மாட்டினால் போதும் என்றேன். சிரித்தார்.

சாம்பிள் கொண்டுவந்தவரும் அவர்தான். ஒரு கைப்பிடியை மட்டும் துண்டில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு, ஷேர் ஆட்டோவில் வந்தார். வழியில் துண்டு விலகி விசை வெளியே தெரிந்ததாம். பக்கத்தில் இருந்த அம்மா கூச்சல் போட்டு இறங்கிவிட்டதாம். "அந்தம்மா காச கூட குடுக்காம எறங்கிச்சிக்கா, டிரைவர் என்னப் புடிச்சிகினான்" என்று அவர் சொன்னதைக் கேட்டு எங்கள் பெஞ்சில் எல்லாரும் அரை மணி நேரம் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் அவர் ஒன்று கேட்டார். இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

"அக்கா, எல்லாம் இதே மாதிரி இருக்காது. மூணு ஆளு மூணு தபா அறுத்து வெச்சது. இது பாக்க நல்லா கீதுன்னு மேனேஜர் இத குடுத்து உட்டாரு. இன்னும் ரெண்டு, மூணு எடுத்துகினு வரட்டா?"

நான் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக அறுத்து, ஓரமெல்லாம் மழுக்கி, அழகாகத்தான் இருந்தது. "எதுக்கு இன்னொரு தடவை அலையுற? ஒண்ணு போதும்" என்றேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அந்த இருபத்து நாலும் ஒரே பானையில் வெந்தவை இல்லை என்பதை அந்த மனுஷன் வாய்விட்டே சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

சாம்பிள் கொடுக்கிறவர்கள் எப்போதும் இருப்பதில் நல்லதைத்தான் கொடுப்பார்கள். பெண் பார்க்க வரும்போது நல்ல புடவை கட்டி உட்கார வைக்கிறார்களே, அதேதான். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. என் கீழே வேலை பார்த்தவர்களுக்கு நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஊருக்குத்தானே உபதேசம்.

அந்த ஒரு கைப்பிடிக்கு அளவெடுத்து, அதற்கு ஏற்ற அச்சு செய்து, இருபத்து நாலு காப்பும் வளைத்தோம். முதல் காப்பு அந்தச் சாம்பிளில் பொருந்திய அழகைப் பார்த்து முதலாளியே வந்து தட்டிக் கொடுத்தார். குணா வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார். அது ஒரு வெள்ளிக்கிழமை.

மறுநாள் சனிக்கிழமை, காலை பதினோரு மணி. வேறொரு கம்பெனிக்குப் பம்பு பிராக்கெட் போக வேண்டும். வாசலில் வண்டி நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான், முதலாளி உள்ளே நுழைவதும் வெளியே போவதுமாக இருக்கிறார். பத்து பிராக்கெட்டில் துளை சரியில்லை என்று நான் கையில் அரத்தோடு நின்று ராவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"அக்கா, குணா பேசறேன். மாட்டிட்டேன். பாக்க சூப்பரா கீது. ஆனா ஆறு துப்பாக்கில விசை அடில உரசுதுக்கா. உட்டா டக்குனு திரும்பி வர மாட்டேங்குது."

"எவ்ளோ உரசுது?"

"கொஞ்சம்தான். நூலளவு."

"லேசா அரம் போட்டுக்கோ குணா. செட் ஆயிடும்."

"எதுலக்கா? காப்புலயா, விசைலயா?"

"எது உரசுதோ அதுல போடு."

"இல்லக்கா, நாளிக்கு பெரிய கூட்டம் வருது. அதான் கேட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. வண்டி நிக்குது, வெச்சுடு."

இவ்வளவுதான். இந்த வார்த்தையை நம் பேட்டையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். லேசா அரம் போட்டுக்கோ. லேசா தட்டிக்கோ. ஒரு வாஷர் வெச்சுக்கோ. நம் வாயிலிருந்து வரும்போது அது யோசனை மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது 'எனக்கு இப்போது நேரமில்லை' என்பது மட்டும்தான். நாம் முடிக்க வேண்டிய வேலையில் கடைசிப் பகுதியை, அதற்கான அளவும் கையில் இல்லாத ஒருவர் தலையில் கட்டுகிறோம். முடிந்தால் நம் பெயர், கெட்டால் அவர் பெயர்.

இரண்டு விரல் விசையின் நுனி கீழே காப்பின் உள்பக்கத்தில் உரசியது. குணா காப்பைத் தொடவில்லை. புதுசு, பளபளவென்று இருக்கிறது, அதில் கீறல் விழுந்தால் மேனேஜர் திட்டுவார் என்று விசையின் நுனியை ராவினார். ஆறிலும். ஐந்து சரியாகிவிட்டது. ஆறாவதில் ராவிய நுனி கரடுமுரடாக இருந்திருக்கிறது. சும்மா இழுத்துப் பார்த்தபோது நன்றாகத்தான் திரும்பி வந்திருக்கிறது. மறுநாள் மண்ணும் வண்ணமும் அப்பிய பிறகு, இழுத்த விசை பாதியிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. பாதி அழுந்திய விசையில், தெரியாமல் சுடாமல் இருக்க வைத்திருக்கும் பூட்டும் சரியாக விழாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பெனியிலிருந்து பெரிய கூட்டம். ஒரு ஆட்டம் முடிந்து கொட்டகைக்கு வந்து முகமூடியைக் கழற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். போட்டோ எடுக்கும்போது அசிங்கமாக இருக்கிறது என்று ஒருவர், உருண்டை வெளியே பாயாமல் தடுக்கக் குழல் வாயில் போட்டிருந்த உறையைக் கழற்றினார். போட்டோ முடிந்ததும் மார்க்கரை மேஜைமேல் டொக் என்று வைத்தார். அந்தத் தட்டலில் பாதியில் நின்ற விசை முழுக்க அழுந்தி, எதிரே ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் புருவத்தில் உருண்டை அடித்தது. ஒரு விரற்கடை கீழே இருந்தால் கண். வீங்கி மூடிக்கொண்ட கண்ணைத் திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்வதற்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் என் காதுக்கு வந்தது பாதிதான். மீதியைத் தெரிந்துகொள்ள நான் முயற்சியும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மைதான மேனேஜர் நம் முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், எங்க ஆளு விசையை ராவிட்டான். ஏண்டான்னு கேட்டா, உங்க கம்பெனில இருக்கற மேடம்தான் அரம் போடச் சொன்னாங்கன்னு சொல்றான். அப்படிச் சொன்னாங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். தலையை மட்டும் லேசாக, இல்லை என்பதுபோல ஆட்டினார். பழியை முதலாளிமேல் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அவர் தலையாட்டாமல் இருந்திருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"நான் அப்படிச் சொல்லல சார்," என்றேன். "உரசுச்சுன்னா எதையும் தொடாதீங்க, கைப்பிடியோட திருப்பி அனுப்புங்கன்னுதான் சொன்னேன்."

என் பொய்யைப் பார்த்தீர்களா? சனிக்கிழமை சொல்லியிருக்க வேண்டிய சரியான பதில் அது. ஒரு எழுத்து பிசகாமல் எனக்குத் தெரிந்திருக்கிறது. உண்மையாகச் சொல்லத் தோன்றாதது பொய்யாகச் சொல்லும்போது தடங்கல் இல்லாமல் வந்தது. இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

ஏன் சொன்னேன்? காரணம் இருக்கிறது, அதை நியாயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பட்டறையில் பெஞ்சு வேலைக்கு நின்ற முதல் பொம்பளை நான். ஆண்கள் அளவைத் தப்பவிட்டால் "இன்னிக்கு அவனுக்கு மூடு சரியில்ல" என்பார்கள். நான் தப்பவிட்டால் "பொம்பளகிட்ட குடுத்தா இப்படித்தான்" என்பார்கள். அதைச் சொல்ல விடாமல் இருபது வருஷத்துக்குமேல் ஓட்டியிருந்தேன். 'ஸ்டெல்லா பார்த்தாச்சா, அப்ப அனுப்பு' என்று முதலாளி சொல்வாரே, அந்த ஒரு வாக்கியம்தான் என் சொத்து. அதைக் காப்பாற்றப் போய் வாய் தானாகப் பொய் சொன்னது.

புதன்கிழமை முதலாளி காரில் நானும் அவரும் மைதானத்துக்குப் போனோம். ஒரு நீள மேஜையில் இருபத்து நாலு மார்க்கரையும் வரிசையாக வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து அளவு பார்த்தேன். ஐந்தாவது கைப்பிடிக்கு வரும்போதே தெரிந்துவிட்டது. ஒன்றைப்போல ஒன்று இல்லை. ஒன்றில் அடிப்பக்கம் கூடுதலாக அறுத்திருந்தது, இன்னொன்றில் திருகாணித் துளையே சாய்ந்திருந்தது. நல்லபடியாக அறுத்தது அந்தச் சாம்பிளும் இன்னும் சிலதும்தான். மீதியில் திருகாணியை இறுக்க இறுக்கக் காப்பு மேலே எழும்பி விசையின் அருகே வந்தது, ஆறில் தொட்டே விட்டது. தப்பு முழுக்க எங்களுடையது. அரம் போடச் சொன்னது இரண்டாவது தப்பு. ஒரே ஒரு கைப்பிடியை வாங்கிக்கொண்டு போதும் என்றது முதல் தப்பு.

குணா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் எப்போதும்போல "வாங்கக்கா" என்றார். மேனேஜர் அவரைக் கிட்டே கூப்பிட்டார். முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை அந்த மேனேஜர். கெட்டவர் இல்லை. அடிபட்ட பெண்ணின் கம்பெனிக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். உறையைக் கழற்றியது அவர்கள் ஆள்தான், ஆனால் வாடிக்கையாளரைக் கேட்க முடியாது. காப்பு செய்தவர்களைக் கேட்டால் நாங்கள் மறுக்கிறோம். மிச்சம் இருப்பது யார்?

"குணா, இவங்க சொல்லலன்னு சொல்றாங்க. நேர்லயே நிக்கறாங்க. இப்ப சொல்லு. இவங்க சொல்லித்தான் ராவுனியா?"

குணா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. எதையோ எதிர்பார்த்து நிற்கிற மாதிரி பார்த்தார். நான் கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல சார்," என்றார் அவர். "நானாத்தான் போட்டேன். அக்கா ஒண்ணும் சொல்லல."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்கு நேரம் இருந்தது. மேனேஜர் பெருமூச்சு விட்டார், தலையைச் சொறிந்தார், "அப்புறம் ஏன்பா அன்னிக்கு அவங்க பேரச் சொன்ன?" என்று கேட்டார், குணா தலையைக் குனிந்துகொண்டார். இத்தனைக்கும் நேரம் இருந்தது. நான் பேசவில்லை. என் முதலாளி மட்டும், "பரவால்ல விடுங்க, எல்லாத்தையும் நாங்களே மறுபடி செஞ்சு தர்றோம்" என்றார். பெரிய மனசு பண்ணுகிற மாதிரி சொன்னார். மேனேஜர் நன்றி வேறு சொன்னார்.

திரும்பி வரும்போது வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் டிராபிக்கில் கார் நின்றது. முதலாளி ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, "நல்ல மனுஷன்பா அந்த ஆளு" என்றார். உண்மை என்னவென்று அவருக்கும் தெரியும். எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரத்தான் முடிந்தது. அழுகை வந்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மாலையே குணாவை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. நிறுத்தியதோடு போகவில்லை. இந்தப் பக்கம் பெயின்ட்பால் மைதானங்கள் நாலைந்துதான். மேனேஜர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். சொல்லாமல் கொள்ளாமல் விசையை ராவுகிறவன் என்ற பேச்சு, அவர் வேறு இடத்தில் வேலை கேட்டுப் போவதற்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இருபத்து நாலு கைப்பிடியையும் பட்டறைக்கு வரவழைத்தோம். இந்த முறை ஒவ்வொன்றாக அளவெடுத்து, அந்தந்தக் கைப்பிடிக்கு அந்தந்தக் காப்பு என்று செய்தோம். எது எதற்கு என்று குழம்பாமல் இருக்கக் கைப்பிடியின் உள்பக்கமும் காப்பின் உள்பக்கமும் ஒரே எண்ணைக் குத்தினோம். இன்றைக்கு நீங்கள் "யாருக்கும் தெரியாத எடத்துல எதுக்குக்கா நம்பர் குத்தறது?" என்று அலுத்துக்கொள்கிறீர்களே, அந்த வழக்கம் அப்போது வந்ததுதான். இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அரத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த மனுஷன் "எதுலக்கா?" என்று கேட்டது காதில் விழும். அவர் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி!

முடித்த காப்புகளைக் கொண்டுபோய்க் கொடுக்க நானே போகிறேன் என்றேன். மைதானத்தில் குணா உட்காரும் ஸ்டூலில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் மாட்டி, விசை ஒவ்வொன்றையும் இருபது தடவை இழுத்து விட்டுக் காட்டினேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். பிறகு நான் சொன்னேன்.

"சார், அன்னிக்கு குணாகிட்ட அரம் போடச் சொன்னது நான்தான். எதுல போடணும்னுகூட கேட்டாரு. எது உரசுதோ அதுல போடுன்னேன். அதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு சாம்பிள் கொண்டாரேன்னாரு, வேணாம்னுட்டேன். அவர்மேல தப்பு இல்ல."

மேனேஜர் கையெழுத்துப் போட்ட பேனாவை மூடினார். "இத ஏன் மேடம் இப்ப சொல்றீங்க? ரெண்டு வாரமாச்சு. வேற ஆள் போட்டாச்சு" என்றார். அப்புறம் அவரே, "சரி, ஞாயித்துக்கிழமைகள்ல எனக்கு இன்னொரு ஆள் வேணும். அவர வரச் சொல்லுங்க. மத்த எடத்துலயும் நான் பேசிச் சொல்றேன்" என்றார். போன் செய்தால் குணா எடுப்பதில்லையாம். எங்கே இருக்கிறார் என்று அந்த ஸ்டூல்காரர்தான் சொன்னார்.

பட்டறைக்குத் திரும்பியதும் முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். கத்தினார். வேலையைவிட்டு எடுப்பார் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மூன்றாம் நாள் வழக்கம்போல "ஸ்டெல்லா பாத்தாச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான் எனக்கு நடந்தது. இதற்குப் பயந்துதான் அத்தனையும் செய்திருக்கிறேன்.

வண்டலூரில் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கல்யாண மண்டபம். நல்ல முகூர்த்த நாள், காலை பத்து மணி. வாசலில் கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. குணா கழுத்தில் விசில் தொங்க, கையில் சிவப்புத் துணியோடு வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னாக்கா, கல்யாணத்துக்கா வந்த?"

"உன்னப் பாக்கத்தான் வந்தேன் குணா."

"ரெண்டு நிமிசம் இருக்கா. இந்த இன்னோவாவ உள்ள உட்டுட்டு வந்துர்றேன்."

வந்தார். மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொல்லியிருக்கிறார், மற்ற இடங்களிலும் பேசுவார், பெயர் சரியாகிவிடும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நடுநடுவே ஹாரன் அடித்தார்கள், அவர் விசில் ஊதிக் கை காட்டிவிட்டுத் திரும்பினார். கடைசியில், என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். பொது இடத்தில், பட்டுப்புடவைகள் இறங்கிப் போய்க்கொண்டிருந்த வாசலில் நின்று கேட்டேன். வெட்கமாக இல்லை.

குணா துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு எதுக்கு நானாத்தான் போட்டேன்னு சொன்னேன் தெரியுமாக்கா? ஏற்கெனவே போன்ல நீ சொல்லலன்னுட்ட. நா சத்தியம் பண்ணாலும் எடுபடாது. நானே என் மேல போட்டுகினா, உன்னால சும்மா நிக்க முடியாது, வாயத் தொறப்பேன்னு நெனச்சேன்."

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மேனேஜராண்ட சொன்னது நல்லதுதாங்கா. தப்புன்னு சொல்லல," என்றார். "ஆனா அது உனக்கோசரம் சொன்னது. எனக்கோசரம்னா அன்னிக்கே சொல்லிருப்ப."

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. "வெயில்ல நிக்காதக்கா, உள்ள போய் சாப்ட்டு போ, நா சொன்னேன்னு சொல்லு, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு போனார். நான் சாப்பிடவில்லை. பல்லாவரம் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். மைதான வேலைக்கு அவர் திரும்பப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் நம் பெஞ்சில் இருந்தேன். நான் பார்த்து அனுப்பிய ஒரு காப்புகூடத் திரும்பி வரவில்லை. வேலையை விட்டு வந்த அன்றைக்கு அதைச் சொல்லித்தான் எனக்குச் சால்வை போர்த்தினீர்கள். இருபத்தெட்டு வருஷத்தில் ஸ்டெல்லாக்கா மேல் ஒரு புகார்கூட இல்லை என்று முதலாளி மைக்கில் சொன்னார், நீங்கள் கைதட்டினீர்கள். நான் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். புகார் இருந்தது பிள்ளைகளா. அதைச் சொல்ல வேண்டியவர் சொல்லாமல் தன் மேல் போட்டுக்கொண்டார். அன்றைக்கும் நான் எழுந்து சொல்லவில்லை.